துரை கேட்ட ஒப்பாரி

யாராவது செத்தால் தேவலை என்று கண்ணையா நினைத்தது அன்றைக்குத்தான். கெட்ட எண்ணம்தான். ஆனால் என்ன செய்வது? அவன் எடுபிடி வேலை பார்க்கும் துரை மறுநாள் கப்பலேறுகிறார். அதற்குள் அவருக்கு ஓர் ஒப்பாரி வேண்டும்.

துரை இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சிக்குப் பாதிப் பணம் அரசாங்கம், மீதி ஏதோ ஒரு சீமாட்டி எழுதி வைத்த தர்மம். அதே பணத்தில் இன்னொருவர் பத்துமலைக் குகையில் வௌவால் பிடித்தார், வேறொருவர் கிள்ளான் ஆற்றுச் சேற்றைக் கிண்டினார். நம் துரை பாட்டுப் பிடித்தார். பித்தளைக் குழாய் வைத்த பெட்டிக்கு முன்னால் பாடினால் மெழுகு உருளையில் பாட்டு ஒட்டிக்கொள்ளும்.

"கிள்ளானில் நீ கூட வராமலே ஒரு பெரியவர் போன வாரம் அரை நாளில் ஒப்பாரி ஏற்பாடு செய்துவிட்டார். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ஒப்பாரி வேண்டாமா?" என்று கடிந்துகொண்டார் துரை. "கொண்டு வா, அரசாங்கத்தில் சொல்லி உனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் நாளையோடு சரி."

நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று கிள்ளானில் இருந்த தாய்மாமன் சின்னையா கறாராகச் சொல்லியிருந்தார். அவர் மகள் லெட்சுமியை நினைத்துக்கொண்டே கண்ணையா காய்கறிப் பாசாருக்கு ஓடினான். அங்கே கீரை விற்கும் பவுனம்மாள் ஒப்பாரி எடுத்தால் கல்லும் கரையும்.

"சும்மாவா பாடச் சொல்றே?" என்று சீறினாள் பவுனம்மாள். "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா சாவைக் கைதட்டிக் கூப்பிட்ட மாதிரி. யாருக்காச்சும் ஆயிருந்தா சொல்லு, வரேன்."

"ஆயிருச்சுக்கா," என்று வந்துவிட்டது வாயில்.

"யாருக்கு?"

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவன் சொந்தக்காரர் அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். "கிள்ளான்ல... சின்னையா மாமா," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவி! தாய்மாமனைப் பறிகொடுத்துட்டு மசமசன்னு நிக்கிறியே!"

துரை பங்களாவுக்கு வர மறுத்துவிட்டாள். எழவு யார் வீட்டிலோ அங்கேதான் பாடுவாளாம். ஆகவே ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் கண்ணையாவின் வாசலே எழவு வீடானது. துரை பெட்டியோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். லயமே திரண்டது. தப்படிக்கிற அய்யாவு தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு வந்து நின்றான்.

"பொணம் எங்கப்பா?" என்றான் அய்யாவு.

"ரயில்ல... வருது அண்ணே."

அவ்வளவுதான். ஆட்கள் மூங்கில் வெட்டிப் பாடை கட்டி, ஸ்டேஷனுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அய்யாவு அதற்கும் மேலே போனான்.

"கவலையை விடு. கிள்ளான் ரயில் கார்டுக்கிட்ட சேதி சொல்லிட்டேன். சின்னையா வீட்டுல போயி, பொணத்தை அடுத்த வண்டியிலயே ஏத்திரச் சொல்லுன்னு."

லெட்சுமி பெரியம்மாவைப் பார்க்கத் தெலுக் பங்லிமா காராங் போய் ஒரு மாதமாகிறது, சேதி அவள் காதில் விழாது என்பது ஒன்றுதான் கண்ணையாவுக்கு ஆறுதல். ஆனால் மாமா வந்தால் தோலை உரித்துவிடுவார். அதற்குப் பிறகு பெண்ணாவது, மண்ணாவது.

"போதும்க்கா, நிறுத்திருங்க," என்று அதற்குள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்ட பவுனம்மாளிடம் கெஞ்சினான்.

"பிள்ளைக்குத் துக்கம் தாங்கலை," என்று பவுனம்மாள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

"கடலோரம் வீடு கட்டி
காத்திருந்த எம்மாமா
கப்பலெல்லாம் கரை சேர
நீ மட்டும் போனதெங்கே?"

துரை பூரித்துப் போய் இரண்டாவது உருளையை மாட்டினார். கண்ணையா நிஜமாகவே தேம்பி அழுதான். மாமா செத்ததற்கல்ல, சாகாததற்கு.

பிற்பகல் வண்டி வந்து கூவிய கொஞ்ச நேரத்தில் பாடை திரும்பியது. காலியாக! தூக்கிப் போனவர்கள் பேயறைந்த முகத்தோடு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், தலையில் புத்தம்புதுத் துரைத் தொப்பியோடு, நடந்தே வந்தார் சின்னையா.

பவுனம்மாள் பாட்டைப் பாதியில் விட்டாள். மாமாவுக்குப் பின்னால் வந்த கிள்ளான் பக்கத்து வீட்டுக்காரி சீதாலெட்சுமி, வாசலில் கால் வைத்ததும் வீலென்று அலறித் தூணைக் கட்டிக்கொண்டாள். இவள் எதற்கு அலறுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

கண்ணையா நெடுஞ்சாண்கிடையாக மாமாவின் காலில் விழுந்தான்.

"மாமா, வேலைக்காக... துரை கேட்டாரு... தெரியாமச் சொல்லிட்டேன். அடிச்சுக் கொன்னுருங்க."

அடி விழவில்லை. மாமாவின் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"விடுலா, இதுல என்ன இருக்கு? வயசுப் பிள்ளை, வாய் தவறிச் சொல்லிட்டே. தைப்பூசம் கழிஞ்சதும் கல்யாணத்துக்கு நாள் பாத்துருவோம். சத்தம் போடாம எல்லாரையும் அனுப்பு."

இதுவா சின்னையா மாமா? கண்ணையா தன் காதுகளை நம்பாமல் நின்றான்.

அதற்குள் துரை பெட்டியை விட்டு எழுந்து வந்து, மாமாவின் கையைப் பிடித்து உரிமையோடு குலுக்கினார். "அடடா, பெரியவரே! நான் கொடுத்த தொப்பி உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறதே!"

தூணை விடாமலே சீதாலெட்சுமி கண்ணையாவை நோக்கி விரலை நீட்டினாள்.

"சின்னையா அண்ணே, போன வாரம் இவன் செத்துட்டான்னு சொல்லித்தானே இந்தத் துரை பெட்டி முன்னால எங்களை ஒப்பாரி வைக்கச் சொன்னீங்க?"