முட்டைக் காதுகுத்து

பந்தியில் பசியோடு உட்காருகிறவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. கொள்கையோடு உட்காருகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் குலதெய்வம் கோயிலில் இரண்டு கிடாக்களின் கறியை ஒரே பந்தியில் காணாமல் போக வைத்தது என்னுடைய கொள்கை என்பதால், இதை நான் அடித்துச் சொல்லலாம்.

அப்போது நான் பேலியோ உணவுமுறையில் இருந்தேன். (இப்போதும்தான். பயப்படாதீர்கள், இது வெறும் கட்டுரை. உங்கள் இலையில் கை வைக்க மாட்டேன்.)

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அண்ணன்கூட எட்டாவதோடு லோடு ஏற்றப் போய்விட்டான். நான் பி.காம் முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு மில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் குனிந்தே வேலை பார்த்தவர்கள். அவர்கள் மகள் சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் வினை. கொஞ்ச நாளில் நாற்காலி முனக ஆரம்பித்தது. பிறகு மாடிப்படி ஏறும்போது நான் முனகினேன். என் சுடிதார்கள் ஒவ்வொன்றாக மதினியின் பீரோவுக்குக் குடிபெயர்ந்தன.

ஒரு நாள் செல்போனில் ஒருவர் பேசும் வீடியோ பார்த்தேன். சோறு, இட்லி, தோசை, கிழங்கு எல்லாம் மாவுச்சத்து, கூடாது என்றார். முட்டை, கறி, மீன், காய்கறி, தேங்காய் நல்லது என்றார். நிலக்கடலையும் வேண்டாம், பாதாம் தின்னுங்கள் என்றார். கடலைக் காட்டில் பிறந்து, கடலைக் கொடியை உருவித் தின்றே வளர்ந்தவளிடம்! இருந்தாலும் முடிவெடுத்துவிட்டேன். நான் ஒன்றை முடிவெடுத்தால் மாற மாட்டேன். அந்தப் பிடிவாதத்தில்தான் பட்டமே வாங்கினேன்.

வீட்டில் முதல் நாளே ரகளை.

"சோறு வேணாங்குற அளவுக்கு இங்க என்னடி கொறை வச்சோம்?" என்றாள் அம்மா.

அப்பா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்பங்கூழு குடிச்சு வளந்தவன் நான். எம்புள்ளையாச்சும் நெல்லுச்சோறு திங்கட்டும்னுதான உன்னையப் படிக்க வச்சேன்? இப்பப் படிச்சுட்டு வந்து நெல்லுச்சோறு வேணாங்கிற!"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் முட்டையைத்தான் விழுங்கினேன்.

பசி முதல் பத்து நாட்கள் என்னை விரட்டியது. மதியச் சாப்பாடு உள்ளங்கை அளவு கறி அல்லது மூன்று முட்டை, ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ். நான்கு மணிக்கு, பக்கத்து மேஜைக்காரி டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், அவள் சொல்கிற கணக்கு எதுவும் என் காதில் ஏறாது. தண்ணீர் குடிப்பேன். மோர் குடிப்பேன். தேங்காய்ச் சில்லை எலி மாதிரி கொறிப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பசி வழிக்கு வந்தது. இரண்டு சுடிதார்கள் மதினி பீரோவிலிருந்து திரும்பி வந்தன. எடை குறையக் குறைய எனக்கு வாய் கூடியது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மாவுச்சத்தைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

இந்த நிலையில்தான் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. திருச்சுழி பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவே எங்கள் குலதெய்வம். இரண்டு கிடா வெட்டு. மல்லாங்கிணற்றிலிருந்து அண்ணனின் மாமனார் வீட்டார் சீரோடு வேனில் வந்து இறங்கினார்கள். எங்களைவிட வசதியானவர்கள். அண்ணன் கல்யாணத்தில் எங்கள் ஆட்களுக்குப் போதும் போதும் என்று சொல்லும்வரை போட்டவர்கள். அன்று காலையிலேயே அப்பா எங்களை நிறுத்திச் சொல்லிவிட்டார்: "சம்பந்தி வாயில இருந்து, கறி பத்தலன்னு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. வந்துச்சுன்னா அப்புறம் நான் மல்லாங்கிணறு பக்கம் பஸ்ஸுலகூடப் போக மாட்டேன்."

கிடா விருந்தே சோற்றை நம்பித்தான் நடக்கிறது. மலை மாதிரி சோறு, அதன் மேல் குழம்பு, குழம்புக்குள் நாலைந்து துண்டுக் கறி. அந்தக் கணக்கில்தான் இரண்டு கிடா ஊருக்கே போதும். இந்தச் சின்ன விஷயம் பி.காம் படித்த எனக்கு உறைக்கவில்லை.

காது குத்தி முடிந்ததும் ஆண்கள் எல்லாம் 'காத்து வாங்க' கருவேல மரங்களுக்குப் பின்னால் போனார்கள். (பாட்டில் இல்லாமல் அங்கே காத்து வராது.) சரி, அவர்கள் வருவதற்குள் பெண்களும் பிள்ளைகளும் சாப்பிடட்டும் என்று முதல் பந்தி போட்டார்கள். என் பக்கத்தில் அண்ணனின் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். பரிமாறியது என் சித்தப்பா மகன் செல்வம்.

"சோறு வேணாம்லே. கறிய மட்டும் வை."

"வெறுங்கறியவா?"

"வைல. இன்னும் வை."

வீட்டில் உள்ளங்கை அளவோடு நான் நிறுத்திக்கொண்டது கட்டுப்பாட்டால் என்றுதான் நினைத்திருந்தேன். சட்டியில் அவ்வளவுதான் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. வாளி நிறையக் கறி என் முன்னால் நின்றபோது, யார் கையின் உள்ளங்கை என்று எந்த வீடியோவும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

அத்தை என் இலையையே பார்த்தார். "என்ன தாயி, சோறே வைக்கல?"

விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். சோறுதான் உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது, கறி தின்றால் பசி அடங்கும், எடை குறையும் என்றேன்.

அத்தை குரலைத் தாழ்த்தினார். "முட்டு வலிக்கும் கேக்குமா?"

"எடை கொறைஞ்சா வலியும் கொறையும் அத்தை."

அத்தை அடுத்த நொடி இலைக்கு மேல் கையை விரித்துச் சோற்று வாளியை மறித்தார். "எனக்கும் கறி மட்டும் வையிப்பா. முட்டு வலி."

அவருக்கு அடுத்து இருந்தவருக்கு இடுப்பு வலி. அதற்கடுத்தவருக்கு மூச்சு வாங்குகிறது. "படிச்ச புள்ள சொல்லுது" என்ற சொல் பந்தி நெடுக ஓடியது. வரிசையாகக் கைகள் இலைகளை மூடின. சோற்று வாளி வந்த வழியே திரும்பிப் போனது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒல்லிக்குச்சி அக்கா ஒருத்திகூட, "எனக்கு வரப்போற வலிக்கு" என்று கறி கேட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பந்தியையே திருத்திவிட்டேன்!

அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து சமையல்காரரின் குரல் கேட்டது. "ஏலே செல்வம், கொழம்ப விட்டுட்டுத் துண்டா அரிச்சு அரிச்சு எங்கலே கொண்டு போற?"

அடுத்து கேட்டது, அண்டாவின் அடியில் கரண்டி உரசும் சத்தம். அப்பா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஒரு அண்டாவில் குழம்பு மட்டும். பக்கத்து அண்டாவில் யாரும் தொடாத சோறு, வெள்ளைவெளேரென்று. கருவேல மரங்களுக்குப் பின்னால் சம்பந்தியின் சிரிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எழுந்தேன். "நான் பாத்துக்கிறேம்ப்பா."

அண்ணனின் பைக்கை எடுத்தேன். செல்வம் பின்னால் ஏறினான். திருச்சுழியில் கறிக்கடைகளை அடைத்துவிட்டார்கள். ஒரு மளிகைக் கடையில் இருந்த முட்டை அட்டைகள் அத்தனையையும் கேட்டேன்.

"என்னம்மா, விசேசமா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே, பேலியோ" என்றான் செல்வம்.

அட்டைகளை மடியில் அடுக்கி, மோவாயால் அமுக்கிக்கொண்டு அவன் உட்கார, காட்டுத் தடத்தில் நான் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து "போச்சு" என்று ஒரு குரல் வந்தது. இறங்கும்போது அவன் சட்டை முழுக்க மஞ்சள்.

கறி தின்ற பெண்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து முட்டை அவித்தார்கள், உரித்தார்கள். அதற்குள் ஆண்களின் பந்தி உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்துவிட்டது. குழம்பு வந்தது. முட்டை வந்தது.

அண்ணனின் மாமனார் முட்டையை விரலால் உருட்டிப் பார்த்தார். "கெடா வெட்டுன எடத்துல முட்டை போடுறத இன்னைக்குத்தான்யா பாக்குறேன். கறி எங்க?"

அப்பா கையைக் கூப்பியபடி முன்னால் நகர்ந்தார். நான் முந்திக்கொண்டேன். "மாமா, அப்பா மேல தப்பு இல்ல. நாந்தான்..."

"நாந்தான் தின்னேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தை. கையில் பாதி உரித்த முட்டை. "கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து நீங்க தின்னது போக மிஞ்சுன எலும்பத்தான கடிக்கிறேன்? ஒரு நாளு தின்னேன். வயிறு நெறையத் தின்னேன். இந்தச் சம்பந்தி வீட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. உங்களுக்கு இருந்தாச் சொல்லுங்க, கேப்போம்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தைக்குப் பின்னால் முட்டையும் கையுமாக நின்ற இரு வீட்டுப் பெண்களையும் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

"கொழம்பு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு முட்டை வைக்கச் சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

அப்பா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, முட்டைச் சட்டியைத் தானே தூக்கிப்போனார்.

இரண்டு ஊரிலும் அதற்கு முட்டைக் காதுகுத்து என்றே பெயராகிவிட்டது. அண்ணன் மகளின் காதைத்தான் குத்தினார்கள் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. அத்தை வாராவாரம் போன் செய்து, "எறா திங்கலாமா தாயி, காடை திங்கலாமா?" என்று கேட்கிறார். முட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. நான் இப்போது விருந்துக்குப் போனால் என் கைக்கு உள்ளங்கை அளவு கறி, நிறையப் பொரியல், அதோடு எழுந்துவிடுவேன். எழுந்திருப்பது கஷ்டம்தான். எழுந்துவிடுகிறேன்.

போன மாதம் மாமா தங்கள் வீட்டுக் கிடா வெட்டுக்கு அழைக்க வந்தார். வெற்றிலை பாக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்.

"ஏந்தாயி, நீங்க இன்னும் சோறு திங்கிறதில்லையா?"

"இல்ல மாமா."

மாமா செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"ஏலே, பொம்பளைக பந்திக்குன்னு தனியா ஒரு கெடா சொல்லிரு. பெருசாப் பாத்துச் சொல்லு."