குளியல் தொட்டியில் கீரை

ஹாம்ப்ஷயர்
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மதினி எனிட் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் வில்ஃப்ரெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் ஏதோ இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர்க் கொதிகலன் சரியாக வேலை செய்கிறதா?

ஆல்மா உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நடந்ததையெல்லாம் அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அவள் பிறந்தநாளுக்குள் அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வசந்தம் வந்தால் அவளுக்கு ஓடையில் விளையும் வாட்டர்கிரெஸ் கீரை வேண்டும், அதுவும் பச்சையாக, வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவே உப்புத் தூவி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன வருஷத்திலிருந்து ஓடைக்கு மேல்புறத்தில் யாரோ ஆடுகளை மேயவிடுகிறார்கள். ஆடு மேய்கிற இடத்துக்குக் கீழே பறித்த கீரையைப் பச்சையாகத் தின்றால் ஈரலில் புழு வரும் என்பது இந்த ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும். வேகவைத்து சூப் வைக்கலாம், அவ்வளவுதான். சரி என்று இந்த வருஷம் கடையில் பையில் அடைத்து விற்பதை வாங்கிவந்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, இதற்கு ஈரக் காகிதத்தைத் தின்னலாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், உன் பிறந்தநாளுக்குள் நானே வீட்டில் வளர்த்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன். நாற்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவனுக்கு ஒரு கீரையை வளர்க்கத் தெரியாதா என்ற நினைப்புதான்.

அந்தப் பையில் மிஞ்சிய தண்டுகளையே ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன், நாலு நாளில் வேர் விட்டது, பத்தாம் நாள் தண்ணீர் நாறியது, இந்தச் சனியனுக்குக் குளிர்ந்த ஓடுகிற தண்ணீர் வேண்டுமாம், ஓடுகிற தண்ணீருக்கு வீட்டுக்குள் எங்கே போவது என்று கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் தகர வாய்க்காலில் நட்டு வைத்தேன், மறுநாளே மழை கொட்டியது. பக்கத்து வீட்டு நார்மன் தலை சொட்டச் சொட்ட வந்து, "வில்ஃப், உன் தோட்டம் என் தலையில விழுந்துச்சு" என்று ஒரு கைப்பிடிக் கீரையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நேரே மாடிக் குளியலறைக்குப் போனேன். தொட்டியில் கூழாங்கல் பரப்பி, நட்டு, குளிர்நீர்க் குழாயை நூல் போலத் திறந்துவிட்டேன். அங்கே அதற்குப் பிடித்துப்போயிற்று. நடுவில் ஒரு நாள் ஆல்மா பழக்க தோஷத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட, கால்வாசிக் கீரை தொட்டியிலேயே வெந்து வீடெல்லாம் சூப் வாசனை. அதை நான் பொறுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஷவர் கிடையாது, எனவே மூன்று வாரம் சமையலறையில் நின்று துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டாள். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். கடைசியில், குளிக்க எப்போது முடியும் என்று கேட்டாள். இன்னும் பத்து நாள், இப்போது எடுத்தால் வாடிவிடும் என்றேன்.

"கீரை வாடக் கூடாது, நான் வாடலாம். எங்க அக்கா வீட்டுத் தொட்டியில தண்ணி மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

எனக்கு அலுத்துவிட்டது, மதினி. ஒருவருக்கு மட்டும் தேநீர் போட எவ்வளவு தேயிலை போடுவது என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியவில்லை. தினமும் இரண்டு பேருக்குப் போட்டு ஒன்றை ஆறவிட்டுக் கொட்டுகிறேன். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. இன்று மாலைக்குள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். இது சத்தியம். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீங்கள் சொல்லுங்கள்.

தங்கள் கால் வலி சீக்கிரம் தீர வேண்டும். பூனையும் விசாரித்ததாக ஆல்மாவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
களைத்துப்போன
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு வாளியோடு மாடிப்படி ஏறும்போது வாசல் கதவு திறந்தது. ஆல்மா பெட்டியோடு நின்றாள். எல்லாவற்றையும் பிடுங்கத்தான் போகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். "பொறந்தநாளுக்கு அக்கா வீட்ல உக்காந்திருக்கவா உன்னைக் கட்டிக்கிட்டேன்?" என்றபடி, கோட்டைக் கூடக் கழற்றாமல் என்னைத் தாண்டி மேலே போனாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். கண் கலங்கியது. கீரையின் காரம் என்றாள். "வாளியக் கீழ வை, வில்ஃப். உப்பு எங்க?" என்றாள். வீட்டில் இருந்த ரொட்டி தீரும்வரை இருவரும் தின்றோம்.

ஆகவே உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கீரை இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் கொதிகலன் நன்றாகவே இருப்பதாக ஆல்மா சொல்கிறாள். சனிக்கிழமை பத்து மணிப் பஸ்ஸில் நாங்கள் இருவருமே குளிக்க வருகிறோம். துண்டு எங்களுடையது.