வீட்டுக்கு ஒருவர் சிரித்தால் போதும்

உலகில் எந்தப் பெற்றோரும் தம் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பதில்லை. சொங்ஜு நகரத்துப் பெற்றோர்கள் அதற்கும் ஒரு படி மேலே. பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் அவர்களே நினைத்துவிடுவதால், பிள்ளைகள் நினைப்பதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை. இந்தத் தியாகப் பரம்பரையில் திருவாளர் மா தொக்சூவுக்குத் தனி இடம் உண்டு.

தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் துணை மேலாளர். நெடுங்காலமாகத் துணை, மேலாளர் ஆவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. இயக்குநர் கூ அவரை 'மா' என்பதற்குப் பதில் 'மின்' என்றுதான் கூப்பிடுவார். ஓரிரு முறை திருத்திப் பார்த்த தொக்சூ, பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அந்தப் பிப்ரவரியில் அவருடைய ஒரே மகள் ஹேதமுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று சியோலில் இருக்கும் ஹ்வாங்ரியோங். அதன் பெயரைச் சொன்னால் போதும், சம்பந்தி வீட்டார் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. மற்றது கிழக்குக் கடற்கரையில் இருக்கும் தல்பித். அங்கே படிப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வதந்தி. சுருக்கமாக, ஒன்றில் பட்டம் வாங்கலாம். மற்றதில் பட்டம் விடலாம்.

முடிவுகள் வந்த மறுநாள் அலுவலகத்தில் ஒரு குரல் கேட்டது.

"என்னய்யா மா, பொண்ணு ஹ்வாங்ரியோங்ல சேரப்போறாளாமே?"

இயக்குநர் யாரைக் கூப்பிடுகிறார் என்று தொக்சூ பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் தண்ணீர் இயந்திரம்தான் இருந்தது.

"ஆமா சார். ஆனா அவ இன்னும் முடிவு..."

"இனிமே மத்தியானம் என் மேஜைக்கு வந்துடு. நம்ம ஆளுங்க எல்லாம் ஒண்ணாச் சாப்பிடணும்."

'நம்ம ஆளுங்க' என்ற சொல்லைத் தொக்சூ அன்று முழுவதும் வாயிலேயே வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். மாலையில் வீடு திரும்பியபோது குடியிருப்பு வாசலில் பெரிய பேனர் தொங்கியது: 'ஹ்வாங்ரியோங் கண்ட எங்கள் வீட்டுச் செல்வி மா ஹேதமுக்கு வாழ்த்துகள்'. குடியிருப்போர் சங்கத்தின் உபயம். மகளிடம் யாரும் கேட்கவில்லை. பேனர் விஷயத்தில் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை.

வீட்டில் ஹேதம் சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

"அப்பா, எனக்குத் தல்பித்துதான் பிடிச்சிருக்கு. நேர்முகத் தேர்வுக்குப் போனப்ப என்னைக் கேள்வி கேட்ட ப்ரொஃபசர் ஒரு ஜோக் சொன்னாரு. ஸ்கூல் ஆரம்பிச்சதுலேருந்து என்கிட்ட யாரும் ஜோக் சொன்னதில்லப்பா."

அவள் அம்மா பாங் மிரான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஜோக் கேட்கவா உன்னை விடியக்காலைல டியூஷனுக்கு எழுப்பி விட்டேன்?"

மிரான் காரியத்தில் கெட்டி. அடுத்த நாளே சேர்க்கை வியூக ஆலோசகர் பியோவின் முன்னால் குடும்பத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பியோ கண்ணை மூடிக்கொண்டு பேசுபவர்.

"சந்தோஷம்ங்கிறது வைப்புநிதி மாதிரிங்கம்மா. இருபது வயசுல எடுத்தா வட்டி கிடைக்காது."

"எப்ப எடுக்கலாம் சார்?" என்றாள் ஹேதம்.

"ரிட்டயர் ஆனப்புறம் தாராளமா எடுக்கலாம்."

"நீங்க எடுத்திருக்கீங்களா?"

பியோ கண்ணைத் திறந்தார். "நான் இன்னும் கட்டிட்டு இருக்கேன்மா."

இருந்தாலும் தொக்சூ நியாயவான். இரண்டு இடங்களையும் 'கள ஆய்வு' செய்யாமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்று அறிவித்தார்.

முதலில் ஹ்வாங்ரியோங். விடுமுறைக் காலம், ஆனாலும் நூலகத்தில் இடமில்லை. ஆளில்லாத நாற்காலிகளில் கோட்டுகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன. சுற்றிக் காட்ட வந்த மாணவன் நடக்கும்போதே உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்தான்.

"தம்பி, இங்க பசங்க சிரிச்சுப் பேசுற இடம் எது?" என்று கேட்டார் தொக்சூ.

"மாணவர் நல மையம், ரெண்டாவது மாடிங்க. ஆலோசகரோட உட்கார்ந்து பேசலாம். ஆனா முன்பதிவு பண்ணணும். மே மாசம் வரைக்கும் நிரம்பிடுச்சு."

"பார்த்தியா," என்று மிரான் மகள் காதில் கிசுகிசுத்தாள். "சந்தோஷத்துக்குக்கூட இங்க எவ்வளவு போட்டி பாரு."

அடுத்த வாரம் தல்பித். முந்தின நாள் பனி கொட்டியிருந்தது. நூலகத்துக்கு எதிரே இருந்த சரிவில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து மாணவர்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பெரிய அண்டாவில் ராமியோன் நூடுல்ஸ் கொதித்தது. யார் வந்தாலும் கிண்ணத்தை நீட்டினார்கள். எந்தத் துறை என்று கேட்கவில்லை. நரைத்த தலையோடு ஒருவர் சறுக்கி வந்து தொக்சூவின் காலடியில் நின்றார். பேராசிரியராம்.

"இது எந்தப் பாடத்துல சேரும் சார்?" என்று கண்டிப்பாகக் கேட்டார் தொக்சூ.

"இயற்பியல்னு வெச்சுக்கலாம்," என்றார் அவர், காதிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே. "ஆனா நான் இலக்கியம். அட்டை வேணுமா?"

ஆய்வு என்றால் முழுமையாக இருக்க வேண்டும். தொக்சூ கோட்டைப் பொத்தானிட்டு, டையைச் சரிசெய்து, அட்டையில் அமர்ந்தார். யாரோ முதுகில் தள்ளினார்கள். பாதிச் சரிவில் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிரான் பதறி ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத சத்தம் அது. நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டாள். சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் மறுபடி ஏறினார். மறுபடி சறுக்கினார். டை எங்கோ போயிற்று. ஒரு மாணவி அவரை "பெரியப்பா, காலைத் தூக்குங்க" என்று அதட்டினாள், அவர் தூக்கினார். ராமியோனை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார், அதற்கும் சிரித்தார்.

மேட்டில் ஹேதம் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, இப்ப நான்."

"இரும்மா, இன்னும் ஒரே ஒரு தடவை."

இருட்டும் வரை அவள் முறை வரவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டே வந்தாள். அப்பாவும் கூடப் பாடினார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நம்பியதில் தவறில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப மகாசபை கூடியது. தலைவர் தொக்சூ, செயலாளர் மிரான். ஹேதம் 'சிறப்பு அழைப்பாளர்', வாக்குரிமை கிடையாது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "அங்க போய்ப் பார்த்ததுலேருந்து எனக்கு மனசே மாறிடுச்சு. இத்தனை வருஷம் எதுக்கு உழைச்சோம்னு தோணுது. வாழ்க்கையில ஒரு தடவையாவது அந்த மாதிரி இடத்துல படிக்கலைன்னா, பொறந்ததுக்கே அர்த்தமில்ல."

ஹேதம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதனால," என்றார் தொக்சூ, "நான் சேர்ந்துட்டேன்."

செயலாளரின் பேனா நின்றது. "யாரு?"

"நான்தான். வேலைக்குப் போற பெரியவங்களுக்கு அங்க சனி ஞாயிறு வகுப்பு இருக்கு. வெள்ளிக்கிழமையே பதிவு பண்ணிட்டேன்."

"அப்ப நான்?" என்றாள் ஹேதம்.

"நீ ஹ்வாங்ரியோங்மா. பேனர் கட்டியாச்சு, இயக்குநர்கிட்ட சொல்லியாச்சு."

"நானும் அங்கயே வரேனேப்பா. ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்."

தொக்சூவுக்கு மகளின் அறியாமை வருத்தம் தந்தது. "ஒரே வீட்ல ரெண்டு பேர் சந்தோஷமா இருந்தா, கட்டடத்துல இருக்கறவங்க என்னம்மா நினைப்பாங்க? யாராவது ஒருத்தர் குடும்ப கௌரவத்தைப் பார்க்க வேண்டாமா?"

தீர்மானம் நிறைவேறியது. தலைவர் ஆதரவு, செயலாளர் ஆதரவு. சிறப்பு அழைப்பாளர் எழுந்து தன் அறைக்குப் போனதைச் செயலாளர் 'ஏகமனதாக' என்று குறித்துக்கொண்டார்.

மார்ச் முதல் வாரம் ஹேதம் சியோலுக்கு ரயிலேறினாள். அந்தச் சனிக்கிழமை தொக்சூ தல்பித் வகுப்பறையில், கடல் தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பனியில் சறுக்கிய அதே பேராசிரியர் புதியவர்களைச் சிரிக்கச் சிரிக்க அறிமுகம் செய்துகொண்டிருந்தார். தொக்சூவின் முறை வந்தபோது அவர் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் மகளின் பெயர். வகுப்பின் மரியாதை கருதி அதை அணைத்துவிட்டு எழுந்தார்.

"இத்தனை யுனிவர்சிட்டி இருக்க, எங்களை எப்படிங்க தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

தொக்சூ நெஞ்சு விம்ம, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"எம் பொண்ணுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க."