மீன்பெட்டி ஐஸில் ஓடிய ஓட்டம்

வேர்வையைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்வேன். பஸ் புரண்டு முதுகெலும்பு முறிந்த பிறகு எனக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, வேர்ப்பதும் இல்லை. வெயிலில் சக்கர நாற்காலியைக் கொஞ்ச நேரம் உருட்டினாலே உடம்பு அடுப்பில் வைத்த சட்டியாகிவிடும்.

அப்படிப்பட்டவள்தான், எண்பதுகளின் நடுவில், சாவகச்சேரியில் நடக்கவிருந்த சக்கர நாற்காலி ஓட்டப் போட்டியில் ஓடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன் (நிற்க முடியாதவள் வேறெப்படிச் சொல்வது!).

எங்களுக்குப் பயிற்சி தந்த டொக்டரம்மா இலேசில் விடவில்லை. மைதானத்தில் அரை மணித்தியாலம் ஓட வேண்டும். இடையிடையே கையைத் தூக்கச் சொல்லிக் கமக்கட்டில் தேர்மோமீற்றர் வைத்துப் பார்ப்பார். சூடு ஏறினால் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டார். முதல் சோதனையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "இன்னும் ஒருக்கால் பாப்பம். அதோட சரி" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது.

குருநகரில் மீன் விற்கும் என் அண்ணைக்கு எல்லாமே சுலபம்.

"உதுக்கேன் அழுறாய்? உடம்பைக் குளிரா வைச்சாச் சரிதானே!"

மீன்பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் பொலித்தீன் பைகளில் கட்டித் தந்தார். சட்டைக்குள் கமக்கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் செருகிக்கொண்டேன். மணக்கிறதா என்று இருவரும் முகர்ந்தும் பார்த்தோம். ஒரு மணமும் இல்லை (மீனோடு பிறந்து வளர்ந்த மூக்குகள் வேறென்ன சொல்லும்?).

இரண்டாவது சோதனையில் ஓட்டம் அபாரம். டொக்டரம்மா தேர்மோமீற்றரைப் பார்த்தார். உதறினார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, இதின்படி பாத்தா நீர் உயிரோடையே இல்லை."

"எனக்குச் சுகமாத்தான் இருக்கு டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் பறந்தேன்.

அப்போதுதான் பை ஒன்று ஓட்டையாகியிருக்க வேண்டும். மீன் தண்ணீர் மைதானம் நெடுகக் கோடு போட்டது. முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உருட்டினேன். எனக்குப் பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் கையில் செருப்போடு அண்ணை, அண்ணைக்குப் பின்னால் டொக்டரம்மா.

பிடிபட்டேன்.

"உணர்ச்சியில்லாத தோலிலை ஐஸை வைச்சாப் புண் வரும். உமக்குத் தெரியவும் வராது. விசரே?" என்று டொக்டரம்மா கத்தினார். அவமானத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் வாய் அடங்கவில்லை.

"குளிரா இருந்தா என்னாலை ஓடேலும் எண்டு பாத்தனீங்கள்தானே. ஈரத் துவாயோட ஒருக்கால் விடுங்கோ. நாய் இல்லாமலும் ஓடுவன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த வாரம் ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அண்ணை வாளியோடு நின்று தலையில் தண்ணீர் ஊற்றினார். தேர்மோமீற்றரை நாக்குக்கடியில்தான் வைத்தார்கள் (என் கமக்கட்டை டொக்டரம்மா பிறகு நம்பவேயில்லை). தேறிவிட்டேன்.

சாவகச்சேரியில் இரண்டாவதாக வந்தேன். சந்தோஷத்தில் விம்மிக்கொண்டிருந்தபோது அண்ணை வாளியோடு ஓடி வந்து, சனமெல்லாம் கேட்கச் சொன்னார்:

"அந்த நாயளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா முதலாவதா வந்திருப்பாய், பிள்ளை!"

அன்று என்னை முந்தியவள் நீர்வேலிக்காரி. அவள் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. துரத்திய நாய்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்.