உன் ஸ்கூட்டர் எண்ணெய் குடிக்கிறது

மராக்கேஷ்,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஸுஹைருக்கு, தங்கை கிஸ்லான் ஸலாம் சொல்லி எழுதுவது. இறையருளால் நானும் ஜவாதும் குழந்தை தஸ்னீமும் என் மாமியாரும் இங்கே நலம். டாஞ்சியர் கடல் காற்றில் அண்ணிக்குத் தலைவலி குறைந்ததா? எங்கள் பக்கம் நலமில்லாதது நீ எனக்கு விட்டுப்போன ஸ்கூட்டர் மட்டும்தான். வந்து அதை எடுத்துக்கொண்டு போ. எனக்கு வேண்டாம்.

போகும்போது நீ இரண்டே விஷயம் சொன்னாய். வாரம் ஒரு தரம் டயரில் காற்றைப் பார், எண்ணெயைப் பார், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றாய். நாலு வயதுக் குழந்தையை முன்னால் நிற்கவைத்து ஓட்டுகிறவளுக்கு வாரம் ஒரு தரம் எப்படிப் போதும்? நான் தினமும் பார்த்தேன். முதலில் காற்று. பஞ்சர் கடைக்காரரிடம், குழந்தை வருகிறாள், கொஞ்சம் சேர்த்தே அடியுங்கள் என்றேன். "இது என்ன கூஸ்கூஸா டீச்சர், குழந்தைக்குன்னு ஒரு கரண்டி கூடப் போட?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நான் நச்சரித்ததால் அடித்தும் விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது, தஸ்னீம் இன்னொரு தடவை இன்னொரு தடவை என்று கேட்டாள், எனக்குக் கடைவாய்ப் பல் ஆடியது. பள்ளியில் ஒருத்தி, இந்த ஜூன் வெயிலில் இவ்வளவு விறைத்த டயர் வெடித்துவிடும் என்றாள். உடனே மைதானத்தில் குந்தி உட்கார்ந்து நானே காற்றைப் பிடுங்கிவிட்டேன், மாவு பிசைந்தால் பதம் பார்ப்போமே, அப்படிக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து. மறுநாள் திருப்பத்தில் பின் சக்கரம் வழுக்க, நானும் அவளும் வண்டியுமாக மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு தர்பூசணிக் குவியலில் போய்ச் சாய்ந்தோம். ஒரு கீறல் இல்லை. ஆனால் முகமெல்லாம் சிவப்புச் சாறோடு நின்ற பேத்தியைப் பார்த்ததும் மாமியார் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அது ரத்தமில்லை, பழம் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "தர்பூசணிக் கடையில பேத்தியப் பொறுக்கி எடுத்துட்டு வர்ற மருமக எனக்கு வேணாம்மா. ஒண்ணு அந்த வண்டி, இல்ல நான்."

சரி, காற்றையாவது ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டேன். எண்ணெய்தான் என்னைத் தோற்கடித்தது. தஸ்னீமுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தினமும் காலையில் எஞ்சினில் எண்ணெய் மட்டம் காட்டும் குச்சியை உருவி, துடைத்து, திரும்ப வைத்து எடுத்துப் பார்க்கிறேன். தினமும் கீழ்க்கோட்டுக்கும் கீழே. தினமும் கொஞ்சம் ஊற்றுகிறேன். குடிக்கிறது, குடிக்கிறது, அப்படிக் குடிக்கிறது. இந்த வாரம் நீலப்புகை வேறு. சிக்னலில் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் இருமுகிறார்கள், ஒரு கிழவர் எனக்காகக் கையேந்தி துஆ கேட்டார். மெக்கானிக் ஹமூ புகையைப் பார்த்தார், எஞ்சினைத் தொடக்கூட இல்லை. "உள்ளே எல்லாம் தேஞ்சு போச்சு டீச்சர், வித்துடுங்க" என்றார்.

விற்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். என் பள்ளி ஊருக்கு வெளியே இருக்கிறது. டாக்ஸியில் ஆறு பேர் நிறைந்தால்தான் எடுப்பான், அது நிறைவதற்குள் முதல் மணி அடித்துவிடும். இன்னொரு நாள் தாமதமானால் மேலே எழுதுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஜவாதைக் கேட்டால் உன் இஷ்டம் என்கிறார். ஓட்டலில் இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷரிடம் இதற்குமேல் என்னத்தைக் கேட்பது? எனக்கும் அலுத்துவிட்டது அண்ணா. திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வீட்டிலேயே இருக்கிறேன், குழந்தை பத்திரமாக இருப்பாள், மாமியாரும் வாயை மூடுவார். படித்த படிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

அல்லாஹ் உன் கைகளில் பரக்கத்தையும் உன் வீட்டில் அமைதியையும் தரட்டும். அண்ணிக்கு என் ஸலாம். தஸ்னீம் மாமாவுக்கு முத்தம் தந்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

உன் தங்கை,
கிஸ்லான்

பின்குறிப்பு, சனிக்கிழமை: நீ வர வேண்டாம். இன்று விடிந்ததும் கீழே போனால், கம்பளம் காயப்போட இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டு இதிமாத் ஸ்கூட்டரைத் தூக்கி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தியிருக்கிறாள். பழக்க தோஷத்தில் குச்சியை உருவினேன். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி எங்கேயோ நிற்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தேன், கீழே. நிமிர்த்தினேன், மேலே. இத்தனை நாளும் சாய்த்து வைத்தே அளந்து, குறைகிறது குறைகிறது என்று ஊற்றியிருக்கிறேன். பாத்திரம் சமமாக இருந்தால்தான் திரவத்தின் அளவு சரியாக வரும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற அறிவியல் டீச்சர் நான்தான், அண்ணியிடம் சொல்லாதே. அதிகமானதை ஹமூ வடித்துவிட்டார், கொஞ்ச தூரம் இருமிவிட்டுப் புகை நின்றுவிட்டது. நான் அப்பவே நினைச்சேன் டீச்சர் என்கிறார். மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மத்தியானம் முக்காட்டை இறுக்கிக் குத்திக்கொண்டு, குளியல் பையோடு இறங்கி வந்தார். "எனக்கு இந்தச் சனியன் பிடிக்காது, அத முதல்லயே சொல்லிட்டேன். பின் டயருக்கு என் கனத்துக்கும் சேர்த்துக் காத்தடிச்சிட்டு வா. ஹம்மாம் குளியலுக்கு நேரமாச்சு."