பேசாத டேப்பெட்

எங்கள் வீட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது மனிதர்கள் அல்ல. என் புல்லட்.

முப்பத்தைந்து வயதான வண்டி. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த மாமனார் சாலமன், தான் பத்து வருஷம் ஓட்டிவிட்டுப் பெண்ணோடு சேர்த்துக் கொடுத்தது. இரண்டுமே இன்றுவரை என் பேச்சைக் கேட்டதில்லை.

இன்ஜினின் வலது பக்கத்தில் டேப்பெட் என்று ஒன்று உண்டு. வால்வைத் தூக்கிவிடும் சமாசாரம். என் வண்டியில் அது 'டக் டக்' என்று தட்டும். ராயபுரத்தில் நூறு புல்லட் ஓடினாலும் அந்தத் தட்டல் இந்த லியோனார்டின் வண்டி ஒன்றுக்குத்தான். ஹார்பரில் ஷிப்ட் முடிந்து வரும்போது, கல்மண்டபம் பக்கம் எங்கள் தெருவுக்குள் திரும்பினேனா, நேராகக் காசிமேட்டுக்கு விட்டேனா என்று என் மனைவி ஜானட் அடுப்படியில் இருந்தே சொல்லிவிடுவாள்.

காசிமேட்டில் ஜன்னத்தின் மீன் வறுவல் கடை இருக்கிறது. என் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்கு வறுவல் கிடையாது. சுண்டல்தான்.

"இன்னாயா, ஏழு மணிக்கு வண்டி நேரா போச்சே?"

"அது வேற வண்டி ஜானட்."

"வேற வண்டில எங்கப்பா டேப்பெட்டு எப்டி வந்துச்சு? கைய காட்டு, மோந்து பாக்கறேன்."

இந்த ஐம்பது வயதில், கட்டின பெண்டாட்டி முன் கையை நீட்டிக்கொண்டு நின்ற அன்றுதான் தீர்மானம் செய்தேன். இனி என் வண்டி வாயே திறக்கக்கூடாது.

நேராக மெக்கானிக் நசீரிடம் போனேன்.

"நசீரு, டேப்பெட்ட நல்லா டைட் வெய்யி. சத்தமே வரக்கூடாது."

"வேணாம் மாமு. கொஞ்சம் தட்டிகினு கீறதுதான் வண்டிக்கு நல்லது. ஓவரா டைட் வெச்சா வால்வு மூடாது. அப்பால வண்டி உன்ன தள்ள வெச்சிடும்."

"தட்டிகினு இருந்தா ஜானட் என்ன வூட்டவுட்டே தள்ளிடும்."

"அப்ப அக்காவாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு வா, செஞ்சி தரேன்."

முப்பது வருஷத்து தோஸ்து பேசுகிற பேச்சா இது. இரண்டு ஸ்பேனரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஹார்பர் வண்டி ஸ்டாண்டிலேயே வேலையை ஆரம்பித்தேன். இன்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். நிறுத்தி, மூடியைக் கழற்றி ஒரு திருகு. மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். இன்னொரு திருகு. இன்ஜின் இட்லிப் பானை போலக் கொதித்தது. இரண்டு விரல் வெந்தது. ஐந்தாவது திருகில் சத்தம் அடங்கியது.

அன்று எங்கள் தெரு முனையை நான் கடந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். 'டக்' இல்லவே இல்லை. காசிமேட்டில் இரண்டு துண்டு வஞ்சிரம், ஒரு தட்டு நெத்திலி. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, எலுமிச்சையும் தேய்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து வண்டியை உதைத்தேன்.

கிக்கர் வெறும் காற்றில் கால் வைத்தது மாதிரி இறங்கியது. நாற்பது உதை உதைத்தேன். வண்டி பேசவில்லை. பேசக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். வீடு வரை தள்ளினேன். தின்ற வஞ்சிரம் வழியிலேயே ஜீரணமாகிவிட்டது.

ஜானட் வாசலில் நின்றிருந்தாள்.

"வண்டி நின்னுபோச்சா?"

"ஆமா. ஹார்பர்லேர்ந்தே தள்ளிகினு வரேன்."

"ஹார்பரு தெக்கால கீது. நீ வடக்கேர்ந்து வர."

அவ்வளவுதான். கத்தவில்லை, கையை மோந்து பார்க்கவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தையல் மெஷின் டிராயரில் இருந்து எடுத்த மாமனாரின் மெல்லிய ஸ்பேனர்களோடு வந்தாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்கப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது யாரு, நீயா? சூடா கீறப்ப டேப்பெட்ட தொடவே கூடாது, ஆறினா இறுகிக்கும். ராத்திரி பூரா ஆறி இருக்கணும். பிஸ்டன் மேல வந்து நிக்கணும். அப்பால வால்வ தள்ற இந்த ராடு ரெண்டு விரல்ல சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. எங்க, சுத்து பாப்போம்."

அசையவில்லை. அவள் ஒரு நட்டைத் தளர்த்தி ஸ்பேனரைத் திருப்பினாள். ராடு பம்பரமாகச் சுற்றியது. கடைசியாக, இன்னும் கால் திருகு தளர்த்தினாள்.

"அது எதுக்கு?"

"கொஞ்சம் பேசட்டும். வூட்ல ஒருத்தராவது உண்மைய பேசணும்ல."

ஒரே உதை. வண்டி கிளம்பியது. முன்பைவிட இரண்டு மடங்கு சத்தம். கன்னத்தில் கிரீஸோடு நின்ற ஜானட்டைப் பார்த்தபோது, உள்ளபடியே எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை புதன்கிழமை வரை தாங்கியது. அன்று சாயங்காலம் அவள் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போய்விடுவாள். கோயிலுக்குள் பாட்டுச் சத்தத்தில் டேப்பெட் எங்கே கேட்கப் போகிறது. தைரியமாகக் காசிமேட்டுக்கு விட்டேன்.

கடையில் ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. ஜன்னத் ஒரு தட்டை நீட்டினாள். சுண்டல்.

"மீன் எங்க ஜன்னத்து?"

"உள்ள கீதுண்ணே."

"அப்ப எடு."

"முடியாதுண்ணே. அக்கா போன் பண்ணி சொல்லிகீது. தெரு முனையிலயே உன் வண்டி சத்தம் கேட்டுச்சு, அப்பவே மீன உள்ள வெச்சிட்டு சுண்டல தாளிச்சிட்டேன்."