ஆற்றில் விழாத மோதிரமும் கண்ணில் படாத டிரைவும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சிடி டிரைவ் தானாகக் கெடவில்லை. நான்தான் கெடுத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் கெடுத்திருப்பேன், அதற்குள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்.

இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் மாமனார் இல்லை என்ற ஒரே தைரியம்தான்.

பாளையங்கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் ஹெட் கிளார்க். பெயர் சிவசண்முகம். அலுவலகத்தில் பதினோரு பேர் என் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். வீட்டில் நான் ஒருத்தியின் கண்ணசைவுக்காகக் காத்திருப்பேன். அந்த ஒருத்தி என் மனைவி நீலாம்பாள். அவள் கத்தமாட்டாள். கத்தினால்கூடச் சமாளித்துவிடலாம். "அப்படியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாள். அதற்கே எனக்கு வேட்டி நழுவும்.

இந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வைகாசியில் என் கொழுந்தியாள் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை வீட்டாரோடு ரம்மிக்கு உட்கார்ந்தேன். கையிலிருந்த சில்லறை தீர்ந்தது. ஆட்டச் சூடு தீரவில்லை. என் தலைதீபாவளிக்கு மாமனார் போட்ட சிவப்புக்கல் மோதிரத்தைக் கழற்றி ஜமுக்காளத்தில் வைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் பெரிய விளக்கோடு உள்ளே நுழைந்தார். கண் கூசியது. கண்ணைத் திறந்து பார்த்தால் மோதிரம் மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கம் போயிருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் விசாரணை.

"மோதிரத்த எங்க?"

"குறுக்குத்துறையில குளிச்சேன்லா நீலா. வழுக்கி ஆத்துக்குள்ள போயிட்டு."

"அப்படியா?"

"சத்தியமா."

"அப்ப ஆத்துலதான தேடணும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கையில் ஒரு சல்லடையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஞாயிறு காலை என்றால் எனக்குச் சிநேகிதர் வேதமுத்து வீட்டு மாடியில் சீட்டுக் கச்சேரி. அது நின்றது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலை அரித்தேன். ஒன்றல்ல, பதினோரு ஞாயிறு. ஒரு பல்செட்டு கிடைத்தது. எண்ணெய்க் கிண்ணம் கிடைத்தது. ஒற்றைச் செருப்பு கிடைத்தது. மோதிரம் மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானே பயந்துபோயிருப்பேன்.

ஆவணி மாதம் விஜயஸ்ரீயிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. மூன்று சிடி. கல்யாண வீடியோவாம். சொந்தத்திலேயே சிடி பார்க்கும் வசதி எங்கள் வீட்டில் மட்டும்தான். மகள் அனுராதாவுக்காக வாங்கிய கம்ப்யூட்டர். அவள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனபிறகு பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லியிருக்கேன். எல்லாரும் உக்காந்து பாப்போம்" என்றாள் நீலாம்பாள்.

மூன்று சிடியில் ஏதோ ஒன்றில், ஜமுக்காளத்தின் நடுவில், மாமனார் போட்ட மோதிரத்தோடு நான் இருக்கிறேன். அதை மாமனாரே எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். நல்ல மனுஷர். பதினெட்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அன்று அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். டிரைவின் பின்னால் பட்டையாக ஒரு கேபிள். பிடுங்கினேன். மூடினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு செய்தித்தாளை விரித்தேன்.

வந்ததும் ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. தட்டு வெளிய வருது. லைட்டு எரியுது. சிடிய வாங்கி உள்ளயும் வச்சுக்கிடுது. ஆனா கம்ப்யூட்டர்ல டிரைவையே காணும்."

"அப்படித்தான் சில சமயம் ஆவும்."

"வாங்குததையும் வாங்கிக்கிட்டு, நான் இங்க இல்லவே இல்லேங்குது. யார மாதிரியோ இருக்கு."

நான் செய்தித்தாளில் மழை நிலவரம் படித்தேன்.

பாக்கியசீலன் வந்தார். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். கெட்டிக்காரர். அதுதான் எனக்குப் பிடிக்காதது. பெட்டியைத் திறந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கேபிள் கழண்டு கெடக்கு."

"எலியா இருக்கும்."

"பெட்டி மூடித்தான இருந்துச்சு?"

"சின்ன எலி."

"அப்படியா?" என்றாள் நீலாம்பாள். அன்றே எலிப்பொறி வாங்கினாள். அதில் எனக்கென்று எடுத்துவைத்திருந்த மசால்வடையை மாட்டினாள். எலி வரவில்லை. வடையும் எனக்குத் திரும்ப வரவில்லை.

கேபிளை மாட்டிக்கொண்டே பாக்கியசீலன் ஒரு பாடம் எடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை.

"ஒரே கேபிள்ல ரெண்டு பேரு இருக்காங்கக்கா. ஹார்டு டிஸ்க்கு மாஸ்டர், சிடி டிரைவு ஸ்லேவ். பின்னால குட்டியா ஒரு மூடி இருக்கு பாத்தியளா, இதுதான் ஜம்பர். இத மாத்திக் குத்திட்டா ரெண்டுமே நான்தான் மாஸ்டர்னு நிக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் கண்ணுக்கு டிரைவு தெரியாது."

"ஸ்லேவ்னா?"

"சொன்னதக் கேட்டு நடக்கறவன்."

நீலாம்பாள் என்னைப் பார்த்தாள். "புரிஞ்சிட்டு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனாள். நான் ஜம்பரைத் தேடிப் போனேன். அரிசியைவிடச் சிறியது. இரண்டு தடவை கீழே விழுந்து, தவழ்ந்து தேடினேன். பத்து ஞாயிறு ஆற்றில் தேடிய பழக்கம் அன்றைக்குத்தான் உதவியது. பக்கத்து ஊசியில் குத்திவிட்டேன். டிரைவ் மறுபடி காணாமல் போனது.

சனிக்கிழமை காலை பாக்கியசீலன் மறுபடி வந்தார். டிரைவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எலி கேபிள இழுக்கும். ஒத்துக்கிடுதேன். ஜம்பரக் கழத்தி அடுத்த ஊசியில குத்துமா?"

நான் கண்ணடித்தேன்.

"கண்ணுல என்ன அண்ணாச்சி, தூசியா?"

கையைப் பிடித்துப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "தம்பி, டிரைவு செத்துட்டுன்னு சொல்லிரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். அவருக்கும் கல்யாணமாகிவிட்டது. புரிந்துகொண்டார். உள்ளே வந்து துக்கம் சொல்வதுபோல் சொன்னார்.

"டிரைவு செத்துட்டுக்கா."

"அப்படியா? புதுசு போட்டிரு. இவுக பண்டிகை அட்வான்ஸ் பீரோவுலதான் கெடக்கு."

அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானமே புது டிரைவ் வந்துவிட்டது. பழையது எட்டு வேகம், இது நாற்பது வேகமாம். என் மானம் ஐந்து மடங்கு வேகத்தில் போகப்போகிறது. பாக்கியசீலன் பெட்டியை மூடி, திருகாணிமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கிழிந்தால் வாரண்டி கிடையாதாம். நீலாம்பாள் அந்த ஸ்டிக்கர்மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். வாரண்டியை மீறலாம். குங்குமத்தை எப்படி மீறுவது?

ஞாயிறு காலை வழக்கம்போல் ஆற்றில் நின்றேன். சாயங்காலம் மாமனார் அருணாசலமும் அத்தையும் தெற்குத் தெருச் சொந்தங்களும் வந்து ஹாலில் நிறைந்துவிட்டார்கள். இனி ஒரே வழிதான். ஊரே பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். அடுப்படிக்குப் போனேன். நீலாம்பாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நீலா, மோதிரம் ஆத்துல விழல."

வடையைத் திருப்பிப் போட்டாள்.

"சீட்டுல விட்டுட்டேன். மாப்பிள்ள பெரியப்பாகிட்ட. வீடியோவுல இருக்கு. கேபிளப் பிடுங்குனதும் நான்தான். ஜம்பரும் நான்தான். எலியே கெடையாது."

நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருஷம் விரலில் கிடந்த மோதிரம். ஒரு சீட்டுக் கட்டுக்காகக் கழற்றினேனே.

"அப்படியா?" என்றாள். "சரி, போயி உக்காருங்க. வடை வருது."

சிடி ஓடியது. முதல் சிடியில் நான் இல்லை. இரண்டாவதில் பந்தியில் சாப்பிடுகிறேன். மூன்றாவதில் மறுபடியும் பந்தியில் சாப்பிடுகிறேன். மாடி அறை வரவில்லை. ஜமுக்காளம் வரவில்லை. மோதிரம் வரவேயில்லை. பூ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து படம் முடிந்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

"நீலா, அந்த எடத்தையே காணும்!"

"எப்படி இருக்கும்? அத வெட்டிருங்கன்னு வீடியோக்காரர்கிட்ட சொன்னதே நான்தான."

"ஒனக்கு… ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்தன்னைக்கே. அந்தப் பெரியப்பா பந்தி முடிஞ்சதும் என்னத் தேடி வந்தாக. சம்பந்தி வீட்டுப் பொருள சீட்டுல ஜெயிச்சு வச்சுக்கிடப்படாதும்மா, பிடின்னு கையில குடுத்துட்டுப் போயிட்டாக."

பெருங்காய டப்பாவைத் திறந்தாள். உள்ளே சிவப்புக்கல் மோதிரம். மூன்று மாசமாகப் பெருங்காய வாசனையில் சுகமாக இருந்திருக்கிறது.

"அப்ப பதினோரு ஞாயிறு என்ன ஏன் ஆத்துல நிக்க விட்ட?"

"வேதமுத்து அண்ணன் வீட்டு மாடியில உக்காருததுக்கு ஆத்துல நிக்குதது ஒடம்புக்கு நல்லதுல்லா?"

"டிரைவப் பிடுங்குனதும் தெரியுமா?"

"நீங்களா வாயத் தொறந்து சொல்லுதியளான்னு பாத்தேன். எத்தன தடவதான் பிடுங்குவியன்னும் பாத்தேன்." அடுப்பை அணைத்தாள். "சொல்லிட்டிய. போதும்."

அந்தப் 'போதும்' எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இவளைப்போல் மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று கண்ணே கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

"அப்பா, இங்க பாருங்க! இன்னைக்குக் காலைல ஆத்துல கெடைச்சிட்டு. பதினோரு வாரமா சல்லடையப் போட்டு அரிச்சு எடுத்துட்டாக ஒங்க மருமகன்."

மாமனார் எழுந்துவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்பிள, நான் குடுத்த பொருளுக்காவ இந்தப் பாடா?" என்றார். குரல் தழுதழுத்தது. மோதிரத்தை அவரே என் விரலில் போட்டுவிட்டார். தெற்குத் தெருச் சொந்தங்கள் கை தட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று மாசத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது அத்தை மெல்ல மூக்கைத் தடவினாள்.

"ஏளா நீலா, இவ்வளவு கைராசி இருக்கே மாப்பிளைக்கு. பாபநாசத்துல எம் மூக்குத்தி போயி ஏழு வருஷமாச்சு…"

நீலாம்பாள் சல்லடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு நான் பாபநாசம் போகிறேன். அந்த மூக்குத்தி நிஜமாகவே ஆற்றில்தான் விழுந்ததாம்.